நான் சுருக்கிய தூரம்

போன மாதம் திருச்சியில் நடந்த பட்டறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களில் ஒருவர் தன் போனிலிருந்து ஒரு வீடியோவைத் திரையில் போட்டார். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பாறைகளுக்கு நடுவே ஒரு குட்டை. சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போன்ற இடத்தில், லாரி டியூப் மிதவை ஒன்றில் ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். பெண் மூழ்குகிறாள். ஒரு கை மட்டும் மேலே வந்து போகிறது. அப்புறம் தண்ணீர் அடங்கிவிடுகிறது. அந்த முதுகு அசையவே இல்லை.

"சொந்த அண்ணனாம் சார் அது. எங்க ஊர்ப் பக்கம் இந்த வீடியோவப் பாக்காத ஆளே கெடையாது" என்றார் காட்டியவர். பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "ச்சீ, இவனெல்லாம் மனுசனா?" என்றார்.

அன்று காலை முழுக்க நீங்கள் என்னிடம் லென்ஸைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நீளமான லென்ஸ் தூரத்தை எப்படி விழுங்கும் என்று பலகையில் படம் போட்டே காட்டியிருந்தேன். ஆனாலும் உங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அந்த வீடியோவைப் பார்த்து "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்த ஷாட்டை எடுத்தவன் நான். அந்த மனிதரை அங்கே, அப்படித் திரும்பி உட்காரவைத்தவனும் நான். அவர் அவளுக்குப் பக்கத்தில் இல்லை. இதைக் காவல் நிலையத்தில் இப்போது எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. உங்களுக்கும் எழுதவேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் நான் செய்த தவற்றைக் கேமராக்காரனைத் தவிர வேறு எவனாலும் செய்ய முடியாது. நீங்களும் கேமராக்காரர்கள்.

என் குருநாதரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் பெயர் வேண்டாம். என் கதையோடு சேர்ந்து அவர் பெயர் வருவது அவருக்கு மரியாதை இல்லை. நான் அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்த புதிதில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் காட்சி எடுத்தோம். பிள்ளை செத்துப்போன செய்தியை டாக்டர் தகப்பனிடம் சொல்கிறார். தகப்பனாக நடித்தவர் பெரிய நடிகர். கேமரா முகத்துக்குக் கிட்டே வரும் என்று கண்ணைக் கலங்கவைத்துக்கொண்டு தயாராக நின்றார். குருநாதரோ கேமராவைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்குப் போய்விட்டார். பிரேமில் பாதிக்கு மேல் வெறும் சுவர். நடுவில் ஒரு காலி பெஞ்சு. தகப்பன் ஓரத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு நின்றார். டாக்டர் போன பிறகு அந்த ஆள் பெஞ்சில் உட்காரப் போனார், உட்காரவில்லை, அப்படியே நின்றார். அவ்வளவுதான் ஷாட். நடிகருக்கு மகா கோபம். ஆனால் தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஆள் அந்த இடத்தில் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

"அழுகை மூஞ்சியில இல்லடா. அந்த ஆளுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல கெடக்கு" என்றார் குருநாதர்.

என் தொழில் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நடந்தது. சின்னச் சமையலறையில் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டியை ஆளுக்கொரு ஊரில் நிற்பவர்கள் போலக் காட்டினேன். சாலையின் இரண்டு பக்கமும் நிற்கும் காதலர்களை ஒட்டிக்கொண்டு நிற்பவர்கள் போலக் காட்டினேன். மனிதர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டுவதும் குறைப்பதும் என் கையில் இருந்தது. அதைப் பத்திரிகைகளில் பாராட்டி எழுதினார்கள். நானும் அதை நம்பினேன்.

குருநாதரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. நீளமான லென்ஸைப் போட்டால், ஷாட்டுக்கு முன்னால் கேமராவிலிருந்து நடிகர் நிற்கும் இடம் வரைக்கும், அங்கிருந்து பின்னால் நிற்கும் ஆள் வரைக்கும் செருப்பைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு நடந்து போய்விட்டு வருவார். "பெருசு வாக்கிங் கெளம்பிருச்சு, எல்லாரும் ஒரு டீ அடிங்க" என்று லைட்மேன்கள் கேலி செய்வார்கள். நான் ஒருநாள் காரணம் கேட்டேன். "லென்ஸ்ல பாத்தா எனக்கே அது நெசம்னு தோணிப்போகுது. அதான் காலைக் கேட்டுக்கிட்டு வாரேன்" என்றார்.

நானும் அப்படி நடந்து பார்ப்பேன். குட்டையில் எடுத்த அன்று மட்டும் நடக்கவில்லை. நடுவில் தண்ணீர் இருந்தது.

பதினோரு வருஷம் ஆகிறது. விராலிமலையில் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு சின்னப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். கதாநாயகி தண்ணீரில் இறங்கி உயிரை விடும் காட்சிக்குக் குடுமியான்மலை போகும் பக்கம் கைவிடப்பட்ட கல் குவாரி ஒன்றைப் பிடித்திருந்தார்கள். வெட்டி எடுத்த பள்ளத்தில் பல வருஷத்து மழைத்தண்ணீர் நின்றது. கதாநாயகிக்கு நீச்சல் தெரியாது. டூப்பாக நிற்க ஆவூரிலிருந்து ஜெசிந்தா என்ற பெண்ணைத் தயாரிப்பு நிர்வாகி கூட்டிவந்தார். முப்பது வயது இருக்கும். கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தி வளர்ந்தவள். புருஷன் வெளிநாட்டில். மூன்றாவது படிக்கும் ஒரு பெண் குழந்தை. பாதுகாப்புக்கு அவளுடைய அண்ணன் சவரிமுத்துவே வந்தார். மூச்சடக்கிக் கிணற்றடியில் விழுந்த வாளியை எடுத்துவரக்கூடிய ஆள். அதைவிட நல்ல பாதுகாப்பு வேறு என்ன என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

இயக்குநர் அந்தக் காட்சியைக் குவாரியின் மேல்விளிம்பிலிருந்து எடுக்க விரும்பினார். பரந்த தண்ணீர், அதில் புள்ளியாக ஒரு பெண். நான் ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாப் படத்திலும் இப்படித்தான் சாகிறார்கள். யாருமே இல்லாத இடத்தில் சாவதில் என்ன இருக்கிறது? பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்து, அவன் திரும்பாமல் இருந்தால்தான் வயிறு கலங்கும்" என்றேன். இயக்குநர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பின்னால் ஒரு மீன்பிடிக்கிற ஆள் வேண்டும். சவரிமுத்து மிதவையோடு அங்கேயே இருந்தார். தலையில் துண்டைக் கட்டச் சொல்லி, கையில் தூண்டிலைக் கொடுத்து, பாதுகாப்புக்கு வந்த ஆளையே நான் பிரேமுக்குள் வைத்தேன். முதலில் அவர் அவளுக்கு நிஜமாகவே பக்கத்தில் இருந்தார். கேமராவில் பார்த்தால் பெரிதாகவும் தெளிவாகவும் தெரிந்தார். பார்ப்பவன் கண் அவரிடம் போனது. "பின்னால் போங்கள், இன்னும் பின்னால்" என்று மைக்கில் சொல்லிச் சொல்லி மறுகரைப் பாறை வரைக்கும் அனுப்பிவிட்டேன். பிறகு கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினேன். அவ்வளவு தாழ்வாக, அவ்வளவு தள்ளி நின்று பார்த்தால் இருவருக்கும் நடுவில் உள்ள தண்ணீர் ஒரு கோடாக ஒட்டிப்போகும். நீளமான லென்ஸ் அந்த ஒரு கீற்றை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கித் தரும். பார்த்தேன். அவள் தோளுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, லேசாகக் கலங்கிய ஒரு முதுகு. அதைவிட அழகான பிரேமை நான் வைத்ததில்லை. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மதியம் ஒத்திகைக்கு இடையில் அண்ணனும் தங்கையும் கரையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"எங்கண்ணன் முதுகு மட்டுந்தான் படத்துல வருதாமுல்ல சார்? நல்ல வேளை. மூஞ்சியக் காட்டுனா தியேட்டர்ல ஆளு நிக்காது" என்றாள் ஜெசிந்தா.

"இவ மூஞ்சி மட்டும் வருதாக்கும்? ஒனக்கும் முதுகுதான்டி. மூஞ்சி அந்தப் புள்ளைக்கு" என்றார் அவர், குடைக்குக் கீழே இருந்த கதாநாயகியைக் காட்டி.

"செவப்புச் சேலை என்னோடதுதானே. பிரின்சிக்குக் காமிப்பேன், இந்தா பாருடி ஒங்க ஆத்தான்னு."

பிறகு சவரிமுத்து தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "சார், அம்புட்டுத் தூரத்துல போயி, அங்கிட்டு திரும்பி வேற ஒக்காரச் சொல்றீங்க. எப்புடி சார் நான் இவளப் பாக்குறது?"

"நாங்க இத்தனை பேர் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம். ஏதாவதுன்னா கத்துவோம்."

"கத்துனா கேக்குமா சார்? கெரஷர் ஓடுதே."

பக்கத்துக் குவாரியில் கல் உடைக்கும் கிரஷர் மதியம்தான் ஓட ஆரம்பித்திருந்தது. வசனக் காட்சியாக இருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்போம். இது இசை போடப்போகும் காட்சி. "கேட்கும், கேட்கும், போங்க" என்றேன். அவர் என் முகத்தையும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனார். படித்தவன் சொல்கிறான் என்று நம்பியிருப்பார்.

ஜெசிந்தா செய்யவேண்டியது இவ்வளவுதான். பக்கவாட்டுக் கரையிலிருந்து தண்ணீருக்குள் நீண்டிருந்த கல்திட்டு மேலேயே கழுத்தளவு வரை நடந்து வரவேண்டும். மூழ்கவேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு இடதுபக்கம் போய், கேமராவுக்குத் தெரியாத ஒரு பாறைக்குப் பின்னால் எழவேண்டும். அங்கே உடை உதவியாளர் அம்மா டவலோடு நிற்பார். இரண்டு டேக் எடுத்தோம். இரண்டுமே நன்றாக இருந்தன. இயக்குநர் போதும் என்றார். சூரியன் மறுகரைக்குப் பின்னால் இறங்கித் தண்ணீரின் மேல் வெள்ளித் தகடு போல வெளிச்சம் படிந்த நேரம் அது. "இன்னொன்று மட்டும்" என்று நான்தான் கேட்டேன்.

மூன்றாவது டேக்கில் அவள் மூழ்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு கை மேலே வந்தது. மணிக்கட்டு வரைக்கும், விரல்கள் விரிந்து. நாங்கள் சொல்லிக்கொடுத்ததில் அந்தக் கை இல்லை. எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன்: 'அடடா, இந்தப் பெண்ணுக்கு என்ன ஒரு கற்பனை.' கை உள்ளே போயிற்று. பிரேமில் அசையாத தண்ணீரும் அந்த முதுகும் மட்டும் மிஞ்சின. இயக்குநர் கட் சொல்ல வாயெடுத்தார். நான் கையை உயர்த்தி அடக்கினேன். வெறுமை நிரம்பட்டும் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்பது அந்தப் பதிவில் இருக்கிறது. பிறகு இன்ஸ்பெக்டர் அதை வாய்விட்டுப் படித்தார். இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

கரையில் அவ்வளவு பேர் இருந்தோம். நான் கேமராவிலும் மற்றவர்கள் மானிட்டரிலும் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீரை ஒருவரும் பார்க்கவில்லை. பாறைக்குப் பின்னாலிருந்து உடை உதவியாளர் அம்மாதான் டவலை வீசிக்கொண்டு ஓடிவந்தார். "மேல வரலங்க! அந்தப் பொண்ணு மேல வரல!"

கத்தினோம். சவரிமுத்து திரும்பவில்லை. மைக்கில் கத்தினோம். கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தார்கள். அவை பாதித் தூரம்கூடப் போகாமல் விழுந்தன. அப்போதுதான் நான் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, என் சொந்தக் கண்ணால் அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்தேன். ஏதோ நினைத்து அவராகவே திரும்பினார். நாங்கள் கையை ஆட்டியதைக் கண்டதும் மிதவையிலிருந்து குதித்தார். அவர் நீந்தி வந்த வேகத்தை நான் பார்த்தேன். அப்படியும் வந்து சேரவே இல்லை, வந்துகொண்டே இருந்தார். தண்ணீருக்கு அடியில் பழைய இரும்புக் கம்பிவடம் ஒன்றில் சேலை சிக்கியிருந்தது. மூன்று முறை முங்கி, சேலையைக் கிழித்து, அவர்தான் அவளை மேலே கொண்டுவந்தார்.

என் தவறு இதோடு முடிந்திருந்தால் அதற்கு விபத்து என்று ஒரு பெயர் இருந்திருக்கும். முடியவில்லை.

அன்று மாலை விடுதி அறையில் இன்ஸ்பெக்டர் மூன்றாவது டேக்கைப் பார்த்தார். இயக்குநரும் நானும் நின்றோம். கதவோரம் சவரிமுத்து ஈர வேட்டியோடு நின்றார். இன்ஸ்பெக்டர் ஒருமுறை பார்த்தார், மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு சவரிமுத்து பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, கைய நீட்டுனா சேலை கெடைச்சிருக்குமேய்யா. தங்கச்சி முங்குற சத்தங்கூடவா கேக்கல?"

"சார், நான் அங்கிட்டு இருந்தேன் சார். மறுகரைப் பாறைகிட்ட. ரொம்பத் தூரம் சார்."

"அப்ப இது யாரு முதுகு?"

"என் முதுகுதான் சார். ஆனா தூரம் சார். கேமரா சாருக்குத் தெரியும். அவரக் கேளுங்க சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் லென்ஸ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தூரம் என்று நான் சொன்னால், தூரத்தில் அனுப்பியது யார் என்று அடுத்த கேள்வி வரும். திரும்பி உட்காரச் சொன்னது யார், மூன்றாவது டேக் கேட்டது யார், கட் சொல்லவிடாமல் கையை உயர்த்தியது யார்? நான் ஒரு நிமிஷம் இயக்குநரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்தில் தெரிவதுதான் சார்" என்றேன்.

என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அது பொய் இல்லை என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். சவரிமுத்து என்னைப் பார்த்தார். கோபத்தோடு பார்க்கவில்லை. தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்பதுபோலப் பார்த்தார்.

விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். சவரிமுத்து மேல் வழக்கு இல்லை. ஆனால் யூனிட்டில் யாரோ மானிட்டரில் ஓடிய அந்த டேக்கைப் போனில் பிடித்திருந்தார். மறுநாள் அடக்கத்துக்குள் ஆவூர் முழுக்கப் போய்விட்டது. ஊரில் பூர்வீக நிலத்தில் ஜெசிந்தா பங்கு கேட்டிருந்தாளாம். அந்தப் பேச்சும் வீடியோவும் சேர்ந்துகொண்டன. கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். சவரிமுத்து குனிந்து மண் அள்ளியபோது அவர்களுடைய அப்பா ஞானப்பிரகாசம் மகனின் கையைத் தட்டிவிட்டார்.

"நீ போடாத. பாத்துக்கிட்டுத்தானே இருந்த. இப்பவும் பாத்துக்கிட்டே நில்லு."

நான் யூனிட் சார்பில் வாங்கிய மாலையோடு கூட்டத்தின் பின்னால் நின்றேன். அந்த இடத்திலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சில மாதங்களில் சவரிமுத்து வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய தாய் இறந்ததற்கும் வரவில்லை. வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று தெரிந்திருக்கும். குட்டைக் காட்சி இல்லாமலே படம் வெளிவந்து ஓடாமல் போயிற்று. நான் மேலும் சில படங்கள் செய்தேன். ஓய்வு பெற்றேன். உங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். அங்கே அந்த முதுகு மறுபடியும் என் எதிரே வந்தது. "இவனெல்லாம் மனுசனா" என்று பின் வரிசைப் பெண் கேட்டது சவரிமுத்துவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரமே ஆவூருக்குப் போனேன். ஞானப்பிரகாசத்துக்கு என் வயதுதான் இருக்கும். பேத்தி பிரின்சியோடு இருந்தார். அவள் இப்போது கல்லூரி இரண்டாம் வருஷம். நான் யார் என்று சொன்னதும் அவர் எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"கேமரா பொய் சொல்லுமா?" என்றார் கடைசியில். "நான் என் கண்ணால பாத்தேன்யா. ஒரு தடவையா ரெண்டு தடவையா? அந்தப் பயலக் காப்பாத்த இப்ப வந்து கத சொல்றீங்க. என்ன, அவன் அனுப்புனானா?"

"அவர் அனுப்பவில்லை. நீங்கள் என்னோடு குட்டைக்கு வாருங்கள். நான் சொல்வதை நம்பவேண்டாம்."

"அந்தத் தண்ணிக்கிட்ட நான் வர மாட்டேன்."

பிரின்சிதான் பேசினாள். "போவோம் தாத்தா. நான் அத ஒருதடவை பாக்கணும்."

கேமராவும் அதே அளவு லென்ஸும் காரில் கொண்டுபோயிருந்தேன். குட்டை அப்படியே இருந்தது. பக்கத்துக் குவாரியில் கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா மூழ்கிய இடத்தில், கல்திட்டின் நுனியில், ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டேன். பிரின்சி சுற்றிக்கொண்டு மறுகரைப் பாறைக்குப் போய், அவளுடைய மாமா உட்கார்ந்த மாதிரியே எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, பெரியவரைப் பார்க்கச் சொன்னேன். அவர் முழங்காலை ஊன்றிக் குனிந்து பார்த்தார்.

"இந்தா, பக்கத்துலதானே இருக்கா. நான் சொன்னது சரிதானே" என்றார். குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"நடந்து போய்ப் பார்ப்போம், வாருங்கள்" என்றேன்.

கரையைச் சுற்றி, பாறைகளைப் பிடித்துப் பிடித்து, அந்தக் கல்திட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே நின்றால் குடத்துக்கும் பிரின்சிக்கும் நடுவில் உள்ள தண்ணீர் முழுசாகத் தெரியும். கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் குடம். பெரியவர் நிமிர்ந்து மறுகரையைப் பார்த்தார். பிரின்சி ஒரு கட்டைவிரல் உயரத்துக்குத் தெரிந்தாள். நடுவில் தண்ணீர் கிடந்தது.

நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பிரின்சி" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, "ஏ, பிரின்சீ!" என்றார். கிரஷர் சத்தம்தான் திரும்பி வந்தது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவர் தொண்டை உடைந்து இருமல் வந்துவிட்டது. அந்த முதுகு அசையவே இல்லை.

"கேக்கலையே அவளுக்கு" என்றார் என்னிடம். அப்புறம் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா, எம்மகன் அவ குழியில மண்ணு போட்டிருப்பானே. அவங்க ஆத்தாளுக்காவது வந்திருப்பானே."

 

நான் போய்ப் பிரின்சியைக் கூட்டிவந்தேன். தாத்தா மகனுடைய நம்பரைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கிட்ட இருக்கு தாத்தா. மாமாகிட்ட நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மாமாதான் சொன்னாங்க" என்றாள். அவர் கையை நீட்டி, இப்போதே போன் போடு என்று காட்டினார். சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, இங்க கேமரா சார் வந்திருக்காங்க. அம்மா ஷூட்டிங்ல..."

"சொல்லுங்க சார்" என்றார் சவரிமுத்து. பதினோரு வருஷம் கழித்தும் சார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தூரத்தில் அனுப்பியது நான், திரும்பி உட்காரச் சொன்னது நான், இன்ஸ்பெக்டரிடம் வாயை மூடிக்கொண்டது நான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இல்ல சார்" என்றார். "எனக்காகச் சொல்றீங்க. நான் பக்கத்துலதான் சார் இருந்தேன்."

"இல்லை சவரிமுத்து. மறுகரைப் பாறைகிட்ட இருந்தீங்க. நீங்களே அன்னைக்குச் சொன்னீங்களே."

"மொதல்ல நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார். இங்க வந்த பெறகு ரூம்ல ஒருத்தன் அந்த வீடியோவக் காமிச்சான். அதுக்கப்பறம் எத்தனையோ தடவை பாத்துட்டேன். கைய நீட்டுனா எட்டும் சார். நாந்தான் திரும்பல."

நான் லென்ஸைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். உங்களுக்குப் பலகையில் வரைந்து காட்டிய அதே விஷயத்தை. அவர், "சரிங்க சார், சரிங்க சார்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தையையும் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் கண்ணால் கண்டதை என் பிரேம் அழித்துவிட்டிருந்தது.

பெரியவர் போனைப் பிடுங்கினார்.

"டேய் சவரி. அப்பா பேசுறேன்டா."

அவர் மறுகரையைப் பார்த்துக்கொண்டே மேலே பேசினார்.

"குட்டைக்கிட்ட நிக்கிறேன்டா. பிரின்சிய அங்கிட்டு நீ இருந்த எடத்துல ஒக்கார வச்சு, இங்கிட்டு எம்மக நின்ன எடத்துல நின்னு கூப்புட்டுப் பாத்தேன். தொண்ட கிழியக் கூப்புட்டேன்டா. அவளுக்குக் கேக்கலடா."

கிரஷரில் ஒரு லோடு கல் கொட்டினார்கள். அந்த இரைச்சல் அடங்கும் வரை போனில் ஒன்றும் விளங்கவில்லை.

"என்னப்பா சொல்றீங்க?" என்றது போன். "கேக்கலப்பா. இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் எழுந்து நின்று, போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.